நாற்பத்தைந்து டிகிரி

கண்டெய்னருக்குள் ஒரு காலை வைத்து மூன்றாவது படத்தை எடுக்கப் போன நேரத்தில் கைப்பேசியின் திரை மங்கிப்போனது. கொர்னேலியஸ் அதை வெயிலுக்கு மறைத்துத் திருப்பிப் பார்த்தார். சின்னதாக ஒரு வெப்பமானிப் படம். அதன் கீழே, ‘சாதனம் சூடாக உள்ளது, கேமரா நிறுத்தப்பட்டது’ என்று ஒரு வரி. மணி இன்னும் பத்தரை ஆகவில்லை. பின்னால் ஏழு லோரிகள் நின்றன.

முதல் லோரியின் ஓட்டுநர் பக்கிரிசாமி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"சூடுதான் அங்கிள், ஒண்ணுமில்ல. ரெண்டு நிமிஷம்" என்றார் கொர்னேலியஸ்.

பண்டமாரான் யார்டில் அவர் இரண்டு நிமிஷம் என்றால் இரண்டு நிமிஷம்தான். பதினெட்டு வருஷமாக அங்கே அவர் செக்கர். திரும்பி வரும் காலிக் கண்டெய்னர்களை உள்ளும் புறமும் பார்ப்பார். ஓட்டை, நெளிவு, நாற்றம் எதுவும் இல்லையென்றால் வலது பக்கம். இருந்தால் இடது பக்கம், ரிப்பேருக்கு. இதற்கு இத்தனை காலம் ஒரு டார்ச் லைட்டும் ஒரு சாக்பீஸும் போதுமாக இருந்தன. இந்த மாதம் ஒன்றாம் தேதியிலிருந்து ஒரு செயலி வந்திருந்தது. கண்டெய்னர் ஒன்றுக்குப் பன்னிரண்டு படம் எடுக்க வேண்டும். நெளிவு எங்கே, ஓட்டை எங்கே என்று படத்தைப் பார்த்துச் செயலியே சொல்லும். கண்டெய்னர் எந்த இடத்தில் நிற்கிறது என்று வரைபடத்தில் குறிக்கும். எல்லாவற்றையும் பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கும் தலைமை அலுவலகத்துக்கு உடனுக்குடன் அனுப்பிவிடும்.

நான்கு யார்டுகளில் மூன்று வாரச் சோதனை. கூட்டத்தில் ஆப்பரேஷன்ஸ் எக்ஸிகியூட்டிவ் மிஸ் பெர்னிஸ் சொன்னது ஒரே வரிதான்: எந்த யார்டில் இது எப்படி ஓடுகிறதோ, அதை வைத்துத்தான் அடுத்த முடிவு. பதவி உயர்வு என்ற சொல்லை அந்தப் பெண் வாயாலும் சொல்லவில்லை, திரையிலும் காட்டவில்லை. ஆனால் கொர்னேலியஸ் தன் மோட்டார் சைக்கிளில் கிள்ளான் வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் அது ‘டிஜிட்டல் சூப்பர்வைசர்’ என்று முழு உருவம் எடுத்துவிட்டது. அவர் மனைவி சாந்தமேரி அதை ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் தேவாலய வாசலிலேயே பத்துப் பேருக்குச் சொல்லிவிட்டார். இனிப் பின்வாங்க முடியாது.

பின்வாங்கும் எண்ணமும் அவருக்கு இல்லை. யார்டில் யாருடைய கைப்பேசி நின்றுபோனாலும் அவரிடம்தான் வரும். மெமரி என்று எல்லாரும் ஒரே சொல்லாகச் சொல்வதை அவர் இரண்டாகப் பிரித்துக் காட்டுவார். படமும் பாட்டும் அடுக்கி வைக்கிற இடம் அலமாரி. வேலை செய்யும்போது விரித்து வைக்கிற இடம் மேசை. அலமாரி காலியாகவே இருந்தாலும் மேசை நிறைந்துவிட்டால் கைப்பேசி திக்கித் திணறும். இப்படி அவர் விளக்கியதைக் கேட்ட பிறகுதான் தங்களுக்கே புரிந்தது என்று கிளார்க்குகள் சொல்வார்கள்.

அவருக்கு ஒரே உறுத்தல் தனேஷ். மேரு யார்டின் செக்கர், பத்து வயது இளையவன். நான்கு யார்டுக்கும் ஒரே கம்பெனி, ஒரே மாதிரியான கைப்பேசிதான் கொடுத்திருந்தது. தினமும் மாலை ஐந்து மணிக்கு வாட்ஸ்ஆப் குழுவில் தனேஷ் ஒரு வரி போடுவான்: ‘மேரு யார்டு, அறுபத்திரண்டு கண்டெய்னர், நோ இஷ்யூ.’ அதன் பின்னால் இரண்டு கட்டைவிரல். மற்ற இரண்டு யார்டுக்காரர்களும் அதைப் பார்த்து ஏறக்குறைய அதையே போடுவார்கள். அந்த மூன்று யார்டுகளிலும் செக்கிங் செய்யும் இடத்துக்குக் கூரை இருக்கிறது. பண்டமாரானில் வானம்தான் கூரை. கொர்னேலியஸுக்கு இது தெரியும். ஆனால் வெயிலைக் காரணம் சொல்வது தோற்றவன் பேச்சு என்பது அவர் எண்ணம்.

ஆகவே முதல் வேலையாகக் கைப்பேசியின் தடித்த ரப்பர் உறையைக் கழற்றினார். உறை இருந்தால் சூடு வெளியே போகாது. இது சரியான வைத்தியம்தான். அரை மணி நேரத்தில் சூடு நாலு டிகிரி இறங்கியது. கேமரா திரும்ப வந்தது.

உறையில்லாத கைப்பேசி வியர்த்த கையில் சோப்புக்கட்டி மாதிரி இருந்தது. பதினோராவது கண்டெய்னரின் கூரையைப் பார்க்க ஏணியில் ஏறியபோது நழுவிச் சரளைக்கல்லில் விழுந்தது. எடுத்துத் துடைத்துப் பார்த்தார். திரைக்கு ஒன்றுமில்லை. பின்பக்கத்தை அவர் பார்க்கவில்லை.

அன்று மாலைக்குள் பண்டமாரான் யார்டில் நாற்பத்தோரு கண்டெய்னர் பார்க்கப்பட்டு, கைப்பேசி விழுந்த பிறகு பார்த்த முப்பத்தொன்றும் பழுது என்று பதிவானது. எல்லாவற்றிலும் ஒரே இடத்தில், இடது மேல் மூலையில், சாய்வாக ஒரு விரிசல். ரிப்பேர் பகுதியில் இடமில்லாமல் கண்டெய்னர்கள் சாலை வரை வரிசை கட்டின. வெல்டிங் செய்கிற ஆட்கள் ஏணி போட்டு ஏறி, விரிசலைக் கையால் தடவித் தேடினார்கள். கேமராவின் கண்ணாடியில் இருந்த கீறல்தான் அது என்று கண்டுபிடித்தபோது மணி ஏழு.

கொர்னேலியஸ் அன்றே கிள்ளானில் ஒரு கடையில் உட்கார்ந்து கண்ணாடியை மாற்றிக்கொண்டு வந்தார். மனம் தளரவில்லை. சூடு குறைந்தது அல்லவா, அது வெற்றிதானே என்று சாந்தமேரியிடம் சொன்னார்.

மறுநாள் உறையைத் திரும்பப் போட்டார். சூடு கொஞ்சம் ஏறினாலும் பரவாயில்லை என்று விட்டுவிட்டு, அடுத்த பிரச்சினைக்குப் போனார். ஒவ்வொரு எட்டாவது கண்டெய்னருக்கும் செயலி தானாக மூடிக்கொண்டது. மேசை நிறைந்துவிட்டது, அவ்வளவுதான். அவர் செட்டிங்ஸுக்குள் போய், அலமாரியில் கொஞ்சம் இடத்தை மேசையாகக் கடன் வாங்கிக்கொள்ளும் வசதி ஒன்றைத் தேடிப் பிடித்து இயக்கினார். செயலி மூடுவது நின்றது. தன் தோளைத் தானே தட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

ஆனால் கடன் கொடுத்த அலமாரியில் இப்போது படம் வைக்க இடம் போதவில்லை. அலமாரிக்கும் மேசைக்கும் ஓடி ஓடிக் கைப்பேசி முன்னைவிட மெதுவாகவும் ஆகிவிட்டது. எடுத்த படங்கள் தலைமை அலுவலகத்துக்குப் போகாமல் உள்ளேயே தேங்கின. மதியம் ஒரு மணிக்கு ‘இடமில்லை’ என்றது. கொர்னேலியஸ் அலமாரியைச் சுத்தம் செய்யும் பொத்தானை அழுத்தினார். கைப்பேசி ஆராய்ந்து பார்த்து, ஒரே மாதிரியான படங்கள் முந்நூற்று இருபத்திரண்டு இருக்கின்றன, தேவையற்ற நகல்களை அழிக்கலாமா என்று பணிவாகக் கேட்டது. அழி என்றார்.

கண்டெய்னருக்குக் கண்டெய்னர் முகம் வேறுபடாது என்பது அழித்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. கைப்பேசி விட்டுவைத்தது மூன்றே படங்கள்: ஒரு நீலக் கண்டெய்னர், ஒரு சிவப்புக் கண்டெய்னர், கேண்டீனில் ஒரு தட்டு மீ கோரெங்.

இருபத்தேழு கண்டெய்னர்களுக்குத் திரும்பப் படம் எடுத்தார். அதில் இரண்டு அதற்குள் யார்டை விட்டே போய்விட்டன. ஒன்று பந்திங்கில் ஒரு தளவாடத் தொழிற்சாலைக்கு. இன்னொன்று கேரி தீவில் ஒரு எண்ணெய் ஆலைக்கு. வேலை முடிந்ததும் மோட்டார் சைக்கிளில் பந்திங் போய், அங்கிருந்து செம்பனைக் காட்டுக்குள் கேரி தீவுக்குப் போனார். ஆலை வாசல் காவலாளி எதற்கு வந்தீர்கள் என்று கேட்டார். கண்டெய்னரைப் படம் எடுக்க என்றார் கொர்னேலியஸ். காவலாளி அவருடைய அடையாள அட்டையை வாங்கி வைத்துக்கொண்டு உள்ளே விட்டார். இருபத்து நாலு படத்துக்காக எழுபது கிலோமீட்டர். வழியெல்லாம் அடுத்த வைத்தியத்தை யோசித்துக்கொண்டே வந்ததால் அலுப்புத் தெரியவில்லை.

அடுத்த வைத்தியம் மின்சேமிப்பு முறை. கைப்பேசி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். வேலை குறைந்தால் சூடும் குறையும். மறுநாள் முழுக்கக் கைப்பேசி குளுகுளுவென்றிருந்தது. முப்பத்தெட்டு டிகிரியைத் தாண்டவில்லை. மத்தியானம் மிஸ் பெர்னிஸ் கூப்பிட்டார்.

"மிஸ்டர் கொர்னேலியஸ், உங்க கேண்டீன்ல எத்தன கண்டெய்னர் இருக்கு?"

"கேண்டீன்ல எதுக்கு மிஸ் கண்டெய்னர்?"

"மேப்ல பத்தொன்பது காட்டுது."

மின்சேமிப்பில் இருக்கும் கைப்பேசி, தான் எங்கே இருக்கிறோம் என்று அடிக்கடி பார்த்துக்கொள்ளாது. கடைசியாக அது பார்த்துக்கொண்டது காலை ஒன்பதரைக்கு, கொர்னேலியஸ் தே தாரிக் குடிக்கப் போயிருந்தபோது. அதன் கணக்கில் அவர் இன்னும் எழுந்திருக்கவேயில்லை. அதற்குப் பிறகு பார்த்த பத்தொன்பது கண்டெய்னரும், ஒவ்வொன்றும் நாற்பதடி, கேண்டீன் நடத்தும் மாரியாயி அக்காவின் அடுப்புக்குப் பக்கத்தில் நின்றன. கிரேன்காரன் வரைபடத்தை நம்பி அங்கே வந்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான்.

"பத்தொன்பதுக்கும் சோறு ஆக்கணுமா தம்பி?" என்று மாரியாயி அக்கா கேட்டார்.

கொர்னேலியஸ் சிரிக்கவில்லை. பொறுமையாக எல்லாவற்றையும் திருத்தி எழுதிவிட்டு, எதிர்ப்பக்கமாக யோசித்தார். மெதுவாக ஓடவிட்டால் இடம் தெரியவில்லை. அப்படியானால் முழு வேகத்தில் ஓடவிட்டு, சூட்டை வெளியிலிருந்து அடக்க வேண்டும். இது இன்னும் உயர்ந்த சிந்தனை என்று அவருக்குப் பட்டது.

உச்ச வேக முறையில் போட்டார். கைப்பேசி பறந்தது. பதினான்கு நிமிஷத்தில் ஆறு கண்டெய்னர். பதினைந்தாவது நிமிஷம் நாற்பத்தைந்து டிகிரி, கேமரா நின்றது. ஆறுவதற்கு இருபது நிமிஷம். இந்த இருபதைக் குறைத்துவிட்டால் போதும். மாரியாயி அக்காவிடம் ஒரு பாலிஸ்டைரின் பெட்டியும், ஐஸ் மைலோவுக்கு வைத்திருந்த ஐஸில் பாதியும் வாங்கினார். கைப்பேசியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி உள்ளே வைத்தார். ஐந்தே நிமிஷத்தில் சில்லென்று ஆகிவிட்டது.

சில்லென்ற கைப்பேசியைப் பண்டமாரான் வெயிலுக்குள் எடுத்தால் என்ன ஆகும் என்பது மூக்குக்கண்ணாடி போட்டவர்களுக்குத் தெரியும். கொர்னேலியஸுக்குக் கண் நல்ல கண். கேமராக் கண்ணாடிக்குள் பனி பிடித்தது. படத்தைப் பார்த்த செயலி, உள்சுவர் முழுக்க வெண்பூஞ்சை என்று தீர்ப்புச் சொன்னது. சுத்தமான பதினாறு கண்டெய்னர்கள் கழுவும் பகுதிக்குப் போய், ரசாயனம் போட்டுக் கழுவப்பட்டன. அதில் ஒன்று முதல் நாள்தான் தொழிற்சாலையிலிருந்து வந்த புத்தம் புதிய கண்டெய்னர்.

அன்று மாலையும் தனேஷ் போட்டான்: ‘மேரு யார்டு, அறுபத்தேழு, நோ இஷ்யூ.’ கட்டைவிரல் மூன்றாகியிருந்தது.

சனிக்கிழமை கொர்னேலியஸ் கடைசி ஆயுதத்தை வாங்கினார். விளையாட்டுப் பிள்ளைகள் கைப்பேசியின் முதுகில் மாட்டிக்கொள்ளும் குளிர்விப்பான் அது. நடுவில் ஒரு தகடு சில்லென்று ஆகும். மேலே ஒரு குட்டி விசிறி சுற்றும். சுற்றியும் நீல விளக்கு எரியும். அவர் அதை வீட்டு ஹாலில் மாட்டி அழகு பார்த்துக்கொண்டிருந்தபோது, சாந்தமேரி தலைக்கு மேலே கிறீச்சிட்டுக்கொண்டு நகர்ந்த விசிறியை ஒரு முறை அண்ணாந்து பார்த்தார்.

"மூணு மாசமா இந்த ஃபேன பாருங்கன்னு சொல்றேன். போனுக்கு முதல்ல வாங்கியாச்சு."

"சூப்பர்வைசர் ஆகட்டும் சாந்தா, ஏர்கோனே போட்டுரலாம்" என்றார் அவர். அதை அவர் உளமாரத்தான் சொன்னார்.

இரண்டாவது வாரம் முழுக்கக் குளிர்விப்பானோடு பழகிக்கொண்டார். அதற்குத் தனியாக மின்சாரம் வேண்டும். ஆகவே இடுப்பில் ஒரு பவர் பேங்க். வெயில் நேராகப் பட்டால் அதன் வேலையும் கெடும், ஆகவே குடை. குடையைப் பிடிக்க மூன்றாவது கை வேண்டுமே. தன் கண்டெய்னருக்குத் தானே குடை பிடிக்க வேண்டும் என்று லோரி ஓட்டுநர்களுக்கு ஒரு விதி போட்டார். மற்றவர்கள் முணுமுணுத்தார்கள். பக்கிரிசாமி மட்டும், சாமி ஊர்வலத்துக்குப் பிடித்த பழக்கம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு நேர்த்தியாகப் பிடித்தார். வரிசை வெளியே பெரிய சாலை வரைக்கும் போனது. ஆனால் கைப்பேசி நாற்பதுக்கு மேலே போகவில்லை. மூன்றாவது வாரம் புதன்கிழமை முதல் முறையாகக் கொர்னேலியஸ் குழுவில் எழுதினார்: ‘பண்டமாரான் யார்டு, நாற்பத்து நாலு, நோ இஷ்யூ.’

அதைப் படித்துவிட்டுத்தானோ என்னவோ, வெள்ளிக்கிழமை டத்தோ பரமேஸ்வரன் நேரில் வருகிறார் என்று தகவல் வந்தது. கம்பெனியின் முதலாளி. யார்டுக்கு அவர் வந்து மூன்று வருஷம் ஆகிறது.

வெள்ளிக்கிழமை காலை கொர்னேலியஸ் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு போனார். பத்து மணிக்குக் கறுப்புக் கார் வந்து நின்றது. டத்தோ இறங்கினார், மிஸ் பெர்னிஸ் இறங்கினார், ஓட்டுநர் முகுந்தன் காரை நிழலில் போட்டுவிட்டு அதன்மேல் சாய்ந்து நின்று வேடிக்கை பார்த்தான்.

முதல் நாலு கண்டெய்னரும் நூல் பிடித்த மாதிரி போயின. நீல விளக்கு எரிய, விசிறி சுற்ற, பக்கிரிசாமி குடையோடு பின்தொடர, கொர்னேலியஸ் படம் படமாக எடுத்தார். முப்பத்தாறு டிகிரி. டத்தோ தலையசைத்தார். செயலி சொல்வதைத் தன் கைப்பேசியிலும் நேராகப் பார்க்க முடியுமா என்று கேட்டார். முடியும் டத்தோ என்றார் கொர்னேலியஸ், மிஸ் பெர்னிஸ் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே. திரையை அவருக்குப் பகிர்ந்தார். படம் இன்னும் தெளிவாக இருந்தால் நல்லது என்று டத்தோ சொல்லவில்லை. ஆனாலும் கொர்னேலியஸ் படத்தின் தரத்தை உச்சத்துக்கு ஏற்றினார். வெயிலில் நன்றாகத் தெரியட்டும் என்று வெளிச்சத்தையும் முழுதாக வைத்தார். பேட்டரி வேகமாக இறங்குவதைப் பார்த்துக் கைப்பேசியையும் அதே பவர் பேங்க்கில் செருகினார்.

ஒரு பவர் பேங்க்கில் இரண்டு வாய். ஏழாவது கண்டெய்னரின் நடுவில் அது உயிரை விட்டது. நீல விளக்கு அணைந்தது. விசிறி நின்றது.

ஓடாத குளிர்விப்பான் வெறும் தகடுதான் என்றும், அதுவரை வெளியே தள்ளிக்கொண்டிருந்த சூடு அதே தகடு வழியாகத் திரும்ப உள்ளே இறங்கும் என்றும் கொர்னேலியஸ் அந்த ஒன்றரை நிமிஷத்தில் கற்றுக்கொண்டார். முப்பத்தொன்பது. நாற்பத்திரண்டு. நாற்பத்தைந்து. கழற்றப் போனார், பிடிப்பான் சூட்டில் இறுகிக் கழலவில்லை. டத்தோவின் திரையும் இவர் திரையும் ஒரே நேரத்தில் கறுத்தன. கறுத்த கண்ணாடியில் டத்தோ தன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பக்கிரிசாமி குடையை எங்கே பிடிப்பது என்று தெரியாமல் டத்தோவுக்குப் பிடித்தார்.

கொர்னேலியஸுக்குக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கத் தெரியாது. கைப்பேசி ஆறும் வரை லோரியை ஏன் காக்க வைக்க வேண்டும் என்று நினைத்து, பையிலிருந்து டார்ச்சையும் சாக்பீஸையும் எடுத்தார். தரைப்பலகையைக் காலால் தட்டிக்கொண்டே உள்ளே போனார். கதவைச் சாத்தச் சொன்னார். இருட்டில் நின்று, எங்காவது வெளிச்சம் கசிகிறதா என்று சுற்றிப் பார்த்தார். வெளியே வந்து, பழைய ஸ்டிக்கர் ஒன்றை நகத்தால் உரித்து, அதன் அடியில் மிளகளவு இருந்த ஓட்டையைச் சுற்றி சாக்பீஸால் வட்டம் போட்டார். மொத்தம் மூன்று நிமிஷம். கைப்பேசி ஆறாததால் அடுத்ததையும் அப்படியே பார்த்தார், அதற்கடுத்ததையும். கால் மணி நேரத்தில் ஐந்து கண்டெய்னர் போயிருந்தது.

டத்தோ கடிகாரத்தைப் பார்த்தார். மிஸ் பெர்னிஸிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். அந்தப் பெண் எழுதிக்கொண்டார். இருவரும் காரில் ஏறினார்கள். கொர்னேலியஸிடம் டத்தோ சொன்னது ஒரே வார்த்தை, "ஓக்கே."

அந்த ஓக்கேயை வீட்டில் எந்தப் பக்கம் புரட்டிப் பார்த்தும் அதில் நல்லது எதுவும் தென்படவில்லை. சாந்தமேரி கேள்வி கேட்காமல் நண்டுப் பிரட்டல் செய்து வைத்தார். அதுவே நிலைமையைச் சொன்னது. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில், சூப்பர்வைசர் வேலை எப்போது தொடங்குகிறது என்று மூன்று பேர் கேட்டார்கள்.

ஆனால் கொர்னேலியஸ் கொர்னேலியஸ்தான். ஞாயிறு மதியம் ஹாலில், கிறீச்சிடும் விசிறிக்கு அடியில், ஒரு நோட்டுப் புத்தகத்தை விரித்து உட்கார்ந்தார். மூன்று வாரமாகச் செய்த ஒவ்வொரு வைத்தியமும் சரியான வைத்தியம்தான். ஒன்றைக் கொடுத்தால்தான் இன்னொன்று கிடைக்கும் என்பதை மட்டும் தான் ஒப்புக்கொள்ளவில்லை என்று அவருக்குப் பட்டது. எல்லாவற்றையும் உச்சத்தில் வைத்துக்கொண்டு சூட்டோடு சண்டை போட்டிருக்கிறார். எது வேண்டாம் என்று யோசித்தார். ஓட்டையைப் பார்க்க அத்தனை பெரிய படம் வேண்டாம். பாதித் தரம் போதும். உடனுக்குடன் அனுப்ப வேண்டாம். பத்துப் பத்தாகச் சேர்த்து அலுவலக வைஃபையில் அனுப்பலாம். கைப்பேசி எப்போதும் தன் இடத்தைத் தேட வேண்டாம். கண்டெய்னருக்கு ஒரு முறை தேடினால் போதும். வேலை செய்யும்போது சார்ஜ் வேண்டாம். கடன் வாங்கிய மேசை வேண்டாம். குளிர்விப்பான் வேண்டவே வேண்டாம். ஒரு வெள்ளைத் துணிப்பை போதும்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குத் தொடங்கினார். பத்தரைக்கு முப்பத்தேழு டிகிரி. மதியம் ஒரு மணிக்கு, யார்டில் தார் இளகுகிற வெயிலில், முப்பத்தொன்பது. மாலை நாலு மணிக்கு எழுபத்தோராவது கண்டெய்னரை முடித்தார். ஒரு படமும் தொலையவில்லை, ஒரு கண்டெய்னரும் இடம் மாறவில்லை. மேரு யார்டில் தனேஷ் ஒரு நாளும் எழுபதைத் தொட்டதில்லை. பக்கிரிசாமி குடையில்லாமல் கையை வீசிக்கொண்டு நடந்தார்.

கொர்னேலியஸ் கேண்டீனில் உட்கார்ந்து டத்தோவுக்கே நேராக ஒரு செய்தி எழுதினார். என்னென்ன செட்டிங்ஸ், எத்தனை டிகிரி, எத்தனை கண்டெய்னர் என்று வரிசையாக. இதே முறையில் கூரையில்லாத எந்த யார்டிலும் செயலி எட்டு மணி நேரம் நிற்காமல் ஓடும், அதற்குத் தானே பொறுப்பு என்று முடித்தார். பெயரைப் போட்டார். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று இரண்டு முறை படித்தார்.

அப்போது டத்தோவின் கார் ஓட்டுநர் முகுந்தன் உள்ளே வந்தான். சோதனைக்குரிய படிவங்களை வாங்கி வரச் சொல்லித் தலைமை அலுவலகத்திலிருந்து அனுப்பியிருந்தார்கள். மாரியாயி அக்காவிடம் ஒரு தே ஓ ஐஸ் சொல்லிவிட்டு எதிரில் உட்கார்ந்தான்.

"என்ன அண்ணே, ரொம்ப பெரிய மெசேஜா இருக்கு?"

"படிச்சுப் பாரு. இனிமே போன் நிக்காது" என்று கொர்னேலியஸ் கைப்பேசியைத் திருப்பிக் காட்டினார். அனுப்பும் பொத்தானுக்கு மேலே கட்டைவிரல் தயாராக இருந்தது.

முகுந்தன் கடைசி வரி வரைக்கும் படித்தான். சுற்றிலும் ஒரு முறை பார்த்தான். பிறகு கையை நீட்டி அந்தக் கட்டைவிரலை மெதுவாகப் பிடித்துத் தள்ளி வைத்தான்.

"அனுப்பிடாதீங்க லா அண்ணே. வெள்ளிக்கிழமை கார்லயே முடிவு பண்ணிட்டாங்க: போன் நல்லா ஓடுன மூணு யார்டுக்கும் இனிமே செக்கர் வேணாமாம், லோரிக்காரங்களே படம் எடுத்துக்குவாங்களாம், தனேஷ்லேருந்து அத்தன பேரையும் நாட்டுக் கோடியில இருக்கிற பாசிர் கூடாங்குக்கு மாத்துறாங்க, பண்டமாரான்ல மட்டும்தான் போன நம்ப முடியாது, கொர்னேலியஸ் ரிட்டயர் ஆகுற வரைக்கும் அங்கயே இருக்கட்டும்னு டத்தோ சொன்னாரு."